16 வயதுக்குட்பட்டோருக்கு சமூக வலைதளத் தடை: அப்பா போனில் பார்க்கும் பிள்ளையை யார் தடுப்பது?

ஆஸ்திரேலியாவைப் போல, 16 வயதுக்குட்பட்டோர் சமூக வலைதளம் பயன்படுத்தத் தடை விதிக்கும் சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2025 டிசம்பரில் கூறியது. இது உத்தரவு இல்லை, யோசனைதான்.

இத்தனைக்கும் மனுதாரர் தடையே கேட்கவில்லை. சிறுவர்கள் கண்ணில் ஆபாசப் படங்கள் சுலபமாகப் படுவதால், இணையச் சேவை நிறுவனங்களே பெற்றோருக்குக் கட்டுப்பாட்டு வசதி தர வேண்டும் என்பதுதான் 2018-ல் போட்ட மனு.

சரி, தடை போட்டால் அடங்கிவிடுமா? டிக்டாக் பதிவிறக்கத்தைத் தடை செய்யும்படி 2019 ஏப்ரல் 3-ல் சொன்னதும் இதே மதுரைக் கிளைதான். ஆப் ஸ்டோர்களில் செயலி காணாமல் போனது. ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தவர்கள் போனில் அது பாட்டுக்கு ஓடியது. ஏப்ரல் 24-ல் தடையும் நீங்கியது.

இப்போதைய சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. உசிலம்பட்டியோ மேலூரோ, பல வீடுகளில் பிள்ளைக்குத் தனி போன் கிடையாது. சிம், கணக்கு எல்லாம் அப்பா பெயரில். ஆப்புக்குத் தெரிவது 40 வயது ஆள்! 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோருக்குக் கேட்கும் பெற்றோர் ஒப்புதலும் இங்கேதான் முட்டும்.

அப்போ என்ன செய்யலாம்? பிளே ஸ்டோரில் 'பேரன்டல் கன்ட்ரோல்' பின் நம்பர் போடலாம்; ஆனால் பிரவுசரை அது தொடாது. பழைய போன் ஒன்றில் பிள்ளை பெயரில் கணக்கு தொடங்கி, கூகுள் ஃபேமிலி லிங்க்கில் இணைத்தால் நேரம், ஆப், இணையதளம் மூன்றுக்கும் வரம்பு வைக்கலாம். யாராவது பிள்ளையை மிரட்டினால் மெசேஜை அழித்துவிட வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1098-ஐ அழையுங்கள்.