செம்மொழிக்கும் சாகும் மொழிக்கும் நடுவே

மொழியியலில் டாக்டர் பட்டம் வாங்க அமெரிக்கா போகிற பிள்ளைகளை டாலருக்கு விலைபோனவர்கள் என்று ஏசுவது நம் வட்டத்தில் ஒரு சடங்காகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏ.கே. ராமானுஜன் 1959ல் ஃபுல்பிரைட் பணத்தில்தான் இண்டியானாவுக்குப் போனார். 1963ல் அவர் பட்டம் வாங்கியது கன்னட இலக்கணத்துக்கு. 1967ல் குறுந்தொகைப் பாடல்கள் ஆங்கிலத்தில் வந்தது, பணம் கொடுத்தவன் கணக்கில் எழுதாத வரவு. ஆகவே, பணம் யாருடையது என்று நான் கேட்கப் போவதில்லை. எந்தத் தமிழுக்குக் கிடைக்கிறது என்று கேட்கிறேன்.

நான் காசிமேட்டுக்காரன். இங்கே வெள்ளம் என்றால் கடலின் ஓட்டம். வன்னி வெள்ளம், தெண்டி வெள்ளம் என்று அதற்குப் பேர் உண்டு. கொண்டல், கச்சான், வாடை என்று காற்றுக்கும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் எங்கே எந்த வலையை விடுவது என்று தீர்மானித்தார்கள். கட்டுமரக்காரனுக்கு அது உயிர்ப் பிரச்னை. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் இருந்த இடத்தில் ஃபைபர் படகுகள் பெருகின. ஜி.பி.எஸ். வந்தது. காற்றின் பேர் தெரியாமலே பையன் கரை சேர்ந்துவிடுகிறான். சேரட்டும், அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் சொல் போகிறது. சொல்லோடு, அதை வைத்து வாக்கியம் கட்டுகிற தினுசும் போகிறது.

இதைப் பதிவு செய்ய யார் பணம் தருவார்கள்? 2002ல் லண்டன் ஸோவாஸில் தொடங்கி 2021ல் பெர்லினுக்குப் பெயர்ந்த ஒரு திட்டம் அழியும் மொழிகளை ஆவணப்படுத்த உதவுகிறது. நல்ல காரியம். ஆனால் 2011 சென்ஸஸில் 6.9 கோடிப் பேர் தாய்மொழி என்று எழுதிக் கொடுத்த தமிழை எடுத்துக்கொண்டு அந்தக் கதவை எப்படித் தட்டுவது? இந்தப் பக்கம் செம்மொழி. 2004 அக்டோபர் 12ல் அறிவிப்பு வந்தது. சரியாக 75ஆம் நாள் அலை வந்தது. செம்மொழி நிறுவனத்தின் சிரத்தையெல்லாம் கி.பி. 600க்கு முந்திய 41 நூல்களின் மேல். நெய்தல் திணைக்கு மானியம் உண்டு. நெய்தல் நிலத்தில் இன்று பேசுகிறவனுக்கு இல்லை.

இன்னொரு வழியும் இருந்தது. பெரும்பாலும் தலித் மாணவர்களுக்கான தேசிய வெளிநாட்டு ஸ்காலர்ஷிப். 2022ல் மத்திய சமூகநீதி அமைச்சகம் விதியைத் திருத்தி, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்குப் பணம் கிடையாது என்றது. ராயபுரத்து தலித் பெண் வெளிநாடு போய்க் கம்ப்யூட்டர் படிக்கலாம். தன் தெருவைப் படிக்கக் கூடாது. இந்த அபத்தத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் எத்தனை வரி வந்தது?

மிச்சம் அமெரிக்க யூனிவர்ஸிட்டிகள். பல இடங்களில் ஐந்து வருஷம் சம்பளமும் ஃபீஸும் அவர்களே தருகிறார்கள், எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெண், மீனவர் மகள், எம்.ஏ. மொழியியல், தன் அப்பாவின் பேச்சை ஆராயப் போவதாக விண்ணப்பம் எழுதினாள். வழிகாட்ட வந்த பேராசிரியர் ஒருவர், பேர் வேண்டாம், 'இது வெறும் சொற்பட்டியல், தியரி எங்கே?' என்றார். இப்போது அவள் வினையெச்சம் பற்றி எழுதுகிறாள். உதாரண வாக்கியங்களைத் தன் தலைக்குள்ளிருந்தே எடுக்கிறாள். அவை கல்லூரியில் கற்றுக்கொண்ட தமிழில் இருக்கின்றன. ஷிஃப்மன் 1999ல் எழுதிய பேச்சுத்தமிழ் இலக்கணமும் படித்தவர் பேச்சைத்தான் அளவுகோலாக வைத்தது. அப்பா வீட்டில் இருக்கிறார், ஆய்வில் இல்லை.

நம்மவர்கள் யோக்கியமா? மெட்ராஸ் பாஷையைக் கதையில் ரிக்‌ஷாக்காரனுக்கும் ரௌடிக்கும் கொடுத்துவிட்டு யதார்த்தம் என்கிறார்கள். நெய்தல் பற்றி நாலு பக்கம் எழுதுகிறவர் வஞ்சிரம் வாங்க மட்டும் காசிமேட்டுக்கு வருகிறார்.

போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். தியரியை அவர்களுக்குக் கொடுங்கள், ஒலிப்பதிவின் ஒரு பிரதியைத் தமிழ் விளக்கத்தோடு இங்கே வையுங்கள். பேசுகிற கிழவருக்கு நாள்கூலி கொடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும், வலை பின்னிக்கொண்டே பேச ஆள் கிடைக்கும்.