நகையை அடகு வைக்குமுன்

இண்டர் முடித்த மகளை விமானப் பணிப்பெண் வேலைக்கு அனுப்புவதா, அனிமேஷன் படிக்க வைப்பதா என்று சித்தூர், திருப்பதி வாழ் தமிழ்க் குடும்பங்கள் சில குழம்புகின்றன. இரண்டுமே கௌரவமான தொழில்கள், இரண்டுமே நிலையற்றவை. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். 'லைஃப் ஆஃப் பை' படத்தின் காட்சி ஜாலங்களுக்கு 2013 பிப்ரவரியில் ஆஸ்கார் கிடைத்தது. அதே மாதம்தான் அவற்றைச் செய்த ரிதம் அண்டு ஹியூஸ் திவாலாயிற்று. அதற்கு ஹைதராபாத்திலும் கிளை இருந்தது.

ஆனால் செலவில் வேறுபாடு உண்டு. பணிப்பெண்களைத் தேர்ந்தெடுத்தபின் விமானக் கம்பெனிகளே பயிற்சி தருகின்றன. தனியார் பயிற்சிக்கூடச் சான்றிதழ் கட்டாயமில்லை. அங்கே லட்சம் கட்டுவானேன்? நேர்முகத் தேர்வுக்குச் சென்னை போய்வர ரயில் செலவு போதும். அனிமேஷனுக்கோ கைப்பழக்கம் வேண்டும். வரைந்ததைக் காட்டு என்பார்கள். மகளின் நோட்டுப் புத்தகம் முழுக்கப் படங்களாக இருந்தால், மனைவியின் சங்கிலியை அதற்கு அடகு வைப்பதில் அர்த்தமுண்டு.