சாவி யாரிடம்?

செஞ்சிக்குப் போய்விட்டு ராஜகிரியில் ஏறாமல் திரும்பலாமா? ஏறினேன். உச்சிக்குச் சற்றுக் கீழே மலை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. சுமார் 24 அடி அகலம். 60 அடி ஆழம். அந்தக் காலத்தில் அதன்மேல் பாலம் போட்டிருந்தார்கள். பாலத்தை எடுத்துவிட்டால், எப்பேர்ப்பட்ட சேனையும் இந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான்.

இறங்கி வந்து, ஊருக்குள் ஒரு சிநேகிதர் வீட்டில் மோர் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவருடைய தாயார் மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தார்.

"ஏன் தம்பி, பத்திரிகையிலே இருக்கீங்களே, ஒண்ணு சொல்லுங்க. ஓட்டர் லிஸ்டிலேருந்து என் பேரை எவனாவது வேணும்னே எடுத்துட்டான்னு வைங்க. போலீசிலே சொன்னா, யாருன்னு கண்டுபிடிப்பாங்களா?"

அந்த அம்மாள் வெறுமனே கேட்கவில்லை. 2025 டிசம்பரில் வெளியான வரைவு ஜாபிதாவில், தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் விடுபட்டிருந்தன. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிவானவர்கள் என்று காரணம் சொன்னார்கள். இருந்தாலும் தம் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கவலை!

அவருக்கு ஆலந்த் கதையைச் சொன்னேன்.

ஆலந்த் கர்நாடகத்தில் கலபுரகி மாவட்டத்துத் தொகுதி. 2023 சட்டசபைத் தேர்தலுக்கு முன்னால், பெயர்களை நீக்கச் சொல்லி 6,018 மனுக்கள் கம்ப்யூட்டர் வழியாக வந்து குவிந்தன. வாக்குச்சாவடி அலுவலரான ஒரு பெண்மணி, தம்முடைய உறவினரின் பெயரையே நீக்கச் சொல்லி ஒரு மனு வந்திருப்பதைக் கவனித்தார். அனுப்பியவர் யார் என்று பார்த்தால், பக்கத்து வீட்டுக்காரர்! போய்க் கேட்டால், அவருக்கு ஒன்றுமே தெரியாது. அவர் பெயரில் வேறு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சரிபார்த்ததில் 24 மனுக்கள்தான் நியாயமானவை. பாக்கி 5,994 தவறானவை. நல்லவேளை, அந்தப் பெயர்கள் தப்பின.

2023 பிப்ரவரியில் தேர்தல் அதிகாரியே புகார் கொடுத்தார். வழக்கு சி.ஐ.டி. போலீசிடம் போயிற்று. மனுக்கள் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தன என்பதற்கான பதிவுகள் தேர்தல் கமிஷனிடம் இருந்தன. செப்டம்பரில் கமிஷன் சில விவரங்களைக் கொடுத்தது. கைவசம் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டோம் என்றது கமிஷன். ஆளைப் பிடிக்க அது போதாது, இன்னும் வேண்டும் என்று கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதியது சி.ஐ.டி. வருஷம் இரண்டு ஓடின. 2025 செப்டம்பரில் விஷயம் நாடெங்கும் பேச்சானது. கர்நாடக சர்க்கார் ஒரு விசேஷப் புலனாய்வுக் குழுவை நியமித்தது.

"அதுதான் சர்க்கார் கவனிக்குதே, அப்புறம் என்ன?" என்றார் அம்மாள்.

அங்கேதானே சிக்கல்! சர்க்கார் என்பது ஒரு கட்சியின் சர்க்கார். தேர்தல் அறிவிப்பிலிருந்து முடிவு வெளியாகும் வரையில், தேர்தல் வேலைக்கு விட்ட போலீசார் கமிஷனுக்குக் கட்டுப்பட்டவர்கள். முடிவு வந்த மறுநாள், ஜெயித்துப் பதவிக்கு வருகிறவர்களின் கீழ் போய்விடுகிறார்கள். நம் சென்னையிலேயே பார்த்தோம். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல், பணப் பட்டுவாடா காரணமாக ரத்தாயிற்று. ஆளுங்கட்சிக்காரர்களின் பெயர் அடிபட்ட அந்த விஷயத்தை விசாரிக்க வேண்டியவர்கள் மாநிலப் போலீசார். முதல் தகவல் அறிக்கை 2018-ல் உயர் நீதிமன்றத்தில் ரத்தாயிற்று. ரத்தான சேதியே பல மாதம் கழித்துத்தான் ஊருக்குத் தெரிந்தது!

அதற்காகப் போலீசிடம் எல்லாப் பெட்டிகளையும் திறந்துவிடலாமா? கூடாது. பதிவான ஓட்டுச் சீட்டுகளும், யார் யார் வந்து ஓட்டுப் போட்டார்கள் என்று குறித்த ஜாபிதாவும் முத்திரையிட்ட கட்டுகளில் இருக்கும். கோர்ட்டு உத்தரவு இல்லாமல் யாரும் அவற்றைப் பிரிக்கக்கூடாது என்பது 1961-ம் வருஷத்துத் தேர்தல் விதி. நாம் யாருக்குப் போட்டோம் என்பதை ஆளுகிறவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது அல்லவா? பூட்டு அவசியந்தான்.

ஆனால், ஜாபிதாவிலிருந்து பெயரை நீக்கச் சூழ்ச்சி செய்தவனுக்கு அந்த ரகசியம் சேராது. அவனைத் தேடும் விசாரணையை, பதிவுகளை வைத்திருப்பவரும் மேற்பார்க்கக் கூடாது. பதவியில் இருப்பவரும் மேற்பார்க்கக் கூடாது. ஒரு நீதிபதி பார்க்க வேண்டும். இன்ன தேதிக்குள் கொடு, இன்ன தேதிக்குள் முடி என்று கெடு வைக்க வேண்டும்.

"அப்போ, போலீசு, கமிஷன், சர்க்காருன்னு மூணு பேர் இருந்தும் கதவைத் திறக்க ஆள் இல்லேங்கறீங்க!" என்றார் அம்மாள். என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. முதல் பொதுத் தேர்தலின்போது வடக்கே சுமார் 28 லட்சம் பெண்கள் ஜாபிதாவில் இடம்பெறாமல் போனார்கள். சொந்தப் பெயரைச் சொல்லாமல், 'இன்னார் சம்சாரம்', 'இன்னார் தாயார்' என்றே சொன்னதுதான் காரணம். அப்படிப் பாடுபட்டுக் கிடைத்த பெயர் இது. ஜாபிதா வெளியாகும்போதெல்லாம் பாருங்கள். இல்லையென்றால் 6-ம் நம்பர் படிவம் கொடுங்கள். பதிவு அதிகாரி மறுத்தால் ஜில்லா கலெக்டரிடம் அப்பீல் உண்டு. அதற்கும் மேலே மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி இருக்கிறார்.

ராஜகிரியில் பாலத்தை எடுத்தது எதிரிக்காக. முறையிட வந்த உள்ளூர்க்காரருக்கு அதைப் போட்டுத்தானே ஆகவேண்டும்?