கடலுக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் என்ன சம்பந்தம்?

கடல் மட்டம் ஏறுதுன்னு சொன்னா, "உங்க ஊர்ல ஏது மாமா கடல்?"னு சென்னையில இருக்கிற மச்சினன் சிரிக்கிறான். மல்லாட்டைக்கு (உங்களுக்கு வேர்க்கடலை) நான் போடற பொட்டாஷ் கப்பல்ல வந்து, துறைமுகத்துல இறங்கி, கூட்ஸ் ரயில் ஏறித்தான் வருது. துறைமுகம் படுத்தா என் கொல்லையும் படுக்கும்.

1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடியில ரயிலையே கடல் வாரிக்கிட்டுப் போச்சு. அந்தப் பாதை அதோட போனதுதான். அது ஒரே ராத்திரியில வந்த அழிவு. இப்ப வர்றது சத்தமில்லாம வருது. 1901-லிருந்து 2018-க்குள்ள உலகத்துல கடல் மட்டம் சராசரியா 20 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சாண், ஏறிடுச்சு. ஒரு சாண்தானேங்காதீங்க. நிரம்பின ஏரியில இன்னும் ஒரு சாண் ஏறினா கரை என்னாகும்னு எங்களைக் கேளுங்க. அடுத்த புயல் அந்த ஒரு சாண் மேல ஏறி நின்னுதான் அடிக்கும்.

நாம செஞ்சதும் கொஞ்சமில்லை. சென்னைத் துறைமுகச் சுவர் மணலைத் தடுத்துச்சு. தெற்கே மெரினா அகலமாச்சு, வடக்கே ராயபுரம் பக்கம் கரையைக் கடல் தின்னுச்சு. புதுச்சேரியிலயும் இதே கதைதான். மெரினாவுல காத்து வாங்கறவங்க யார் வீட்டு வாசல் போய் அந்த மணல் சேர்ந்துச்சுன்னு யோசிக்கணும்.

புதுசா துறைமுகமோ தண்டவாளமோ போடறவங்க, அம்பது வருஷம் கழிச்சு தண்ணி எங்க நிக்கும்னு கணக்குப் போட்டு, அதை ஜனங்களுக்குக் காட்டிட்டுப் போடட்டும். கரை உடைஞ்ச பிறகு மண் மூட்டை தேடற வேலையை நாங்க எங்க ஏரிக்கே செய்ய மாட்டோம்.