மகிழ்ச்சிக்குச் சுற்றறிக்கையா?

பெங்களூரு, ஐதராபாத், குருகிராம் எனப் பெருநிறுவன வளாகங்கள் எங்கும் ஒரு புதிய நோன்பு பரவிவருகிறது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் வண்ண உடை, பலூன், வினாடி வினா, கூடத்தில் மேசைப்பந்து. பணியிடத்தில் மகிழ்ச்சியும் படைப்பாற்றலும் என்று இதற்குப் பெயர். நடத்துவது மனிதவளத் துறை. அந்தப் பெயரே உண்மையைச் சொல்லிவிடுகிறது: நிலக்கரியைப் போல, வளம் என்பது தோண்டி எடுப்பதற்குரியது.

சிரிக்கச் சொல்லும் இதே முதலாளி வர்க்கம் கேட்பது என்ன? இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி, 2023 அக்டோபரில். 2025 ஜனவரியில் வெளியான பேச்சில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் அதை 90 ஆக்கினார், ஞாயிற்றுக்கிழமையையும் விட்டுவைக்கவில்லை. கர்நாடகத்தில் ஐ.டி. ஊழியர்களிடம் நாளொன்றுக்கு 14 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தம் 2024-இல் முன்மொழியப்பட்டபோது, எதிர்த்து நின்றது ஊழியர் சங்கமே. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த உச்சவரம்பு வாரத்துக்கு 48 மணி நேரம். 90-இல் 48 போக எஞ்சுவது 42. அந்த 42 மணி நேரத்தைக் கேட்பவர்கள் ஒரு மணி நேரக் கேளிக்கையைக் கொடையாக நீட்டுகிறார்கள்!

கோழிக்கோட்டின் கடைகளில் நாள் முழுதும் நின்றே வேலை பார்த்த பெண்கள் பலூன் கேட்கவில்லை. கழிப்பறையும் நாற்காலியும் கேட்டார்கள். பெண்கூட்டு என்னும் அமைப்பாகத் திரண்டு போராடினார்கள். அமரும் உரிமை கேரளத்தில் 2018-இலும் தமிழ்நாட்டில் 2021-இலும்தான் சட்டமாயிற்று.

அப்படியாயின் உழைப்பில் மகிழ்ச்சி என்பதே முதலாளித்துவ மாயையா? இல்லை, அது நம்மிடமிருந்து பறிக்கப்பட்ட உடைமை. தன் உழைப்பின் மீது ஆளுகையை இழந்தவர் வேலையில் தன்னையே இழக்கிறார் என்பதை மார்க்ஸ் 1844-இலேயே எழுதிவைத்தார்.

கண்ணூரின் பீடித் தொழிலாளர்களைப் பாருங்கள். எல்லோரும் பீடி சுற்ற, ஒருவர் செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிப்பார். அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். எந்த நிர்வாகமும் தீட்டிய திட்டமன்று அது. பீடித் தொழிலாளர் சட்டத்தை ஏற்க மறுத்துத் தனியார் முதலாளிகள் தொழிற்கூடங்களை மூடியபோது, இ.எம்.எஸ். அரசின் துணையோடு 1969-இல் தினேஷ் பீடி கூட்டுறவை எழுப்பியவர்கள் அந்தத் தொழிலாளர்களே. படைப்பாற்றல் என்பது இதுதான்.

இன்றைய அலுவலகத்தில் வேலையை எளிதாக்கும் வழியொன்றைக் கண்டுபிடிப்பவருக்குக் கிடைப்பதென்ன? அடுத்த மாதம் உயர்த்தப்பட்ட இலக்கு. இல்லையேல் பக்கத்து இருக்கைக்காரரின் பணிநீக்கம். பிறகு யார் மனமுவந்து யோசிப்பார்கள்?

ஆகவே தோழர்களே, நம் சங்கங்கள் கூலியோடும் போனஸோடும் நின்றுவிடலாகாது. வேலையின் வேகத்தை யார் தீர்மானிப்பது, பணி முடிந்தபின் கைபேசியை அணைக்கும் உரிமை உண்டா, தொழிலாளியின் யோசனையால் மிச்சமாகும் நேரம் யாருக்குச் சொந்தம் என்னும் கேள்விகளும் கோரிக்கைச் சாசனத்தில் இடம்பெற வேண்டும். மகிழ்ச்சியை அற்ப விஷயமென்று நாம் ஒதுக்கினால், நிர்வாகம் அதைத் தன் சரக்காக்கிக்கொள்ளும். நேரம் நம் கைக்கு வரட்டும். சிரிப்பதற்குச் சுற்றறிக்கை தேவைப்படாது.