எது சரித்திரம், எது கற்பனை?

முதன் முதலாகச் சரித்திர நாவல் எழுதிய ஆசிரியர், ஊர் நூலகத்துக்கு வருகிறார்.

வரவேற்புரை நடக்கிறது. துண்டு போர்த்துகிறார்கள். மறுபடியும் துண்டு. மறுபடியும் படம். அரை மணி நேரம் போய்விடுகிறது.

ஆசிரியர் பேசி முடித்ததும், கடைசி வரிசையில் இருந்து ஓர் அம்மாள் எழுந்திருக்கிறார்.

"ஐயா! இதெல்லாம் நிஜமாகவே நடந்ததா?"

சபையில் சிரிப்பு எழுகிறது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது? கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்!

"பாதி நிஜம், பாதி கற்பனை" என்று சொல்லிவிட்டு உட்காரும் ஆசிரியர்கள் உண்டு. அது பதில் ஆகாது. எந்தப் பாதி நிஜம்? அதைச் சொல்ல வேண்டும்.

கல்கி எழுதிய "பொன்னியின் செல்வன்" 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்தது. அதைப் படித்தவர்களில் பலர், நந்தினி என்று ஒருத்தி வாழ்ந்தாள் என்றே இன்றும் நம்புகிறார்கள். நந்தினி, கல்கியின் கற்பனை.

வந்தியத்தேவன் அப்படி அல்ல. அவன் உண்மையாக இருந்தவன். குந்தவை அவனுடைய தேவி என்பதைத் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டு சொல்கிறது.

ஆதித்த கரிகாலன் கொலையும் நடந்ததுதான். காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் உள்ள உடையார்குடி கோவிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று கொலைகாரர்களின் பெயர்கள் அதில் உள்ளன. அவர்களுடைய உறவினர்களின் சொத்துகூட பறிபோயிற்று.

ஏன் கொன்றார்கள்? அதைக் கல்வெட்டு சொல்லவில்லை. கதாசிரியருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது.

இதைச் சொல்லிவிட்டால் கதையின் சுவை குறைந்துவிடுமோ? குறையாது. கல்லில் வெறும் பெயராகக் கிடந்தவனைக் குதிரையில் ஏற்றி, வீராணம் ஏரிக்கரையில் வர வைத்தாரே என்ற வியப்புதான் கூடும்.

சொல்லாவிட்டால்தான் வம்பு. நாவலில் வரும் துரோகியை, "உங்கள் முன்னோன்தானே?" என்று ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பார்த்துக் கேட்பார்கள். இல்லாத ஒருவனுக்காக இரண்டு தெருக்காரர்கள் முறைத்துக்கொள்வார்கள்.

நூலகத்துக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-ல். அதற்காகப் பாடுபட்டவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறவர்கள் மக்கள். கடைசி வரிசை அம்மாளும் அவர்களில் ஒருவர்தான்.

ஆசிரியர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே, நாவலை மேஜை மேல் வைக்கலாம். சோழர் கதையானால், அதன் பக்கத்திலேயே நீலகண்ட சாஸ்திரியின் "சோழர்கள்" நூலையும் வைக்கலாம். வேறு காலத்துக் கதையானால் அந்தக் காலத்து வரலாற்று நூல். படித்துவிட்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்வியே தனி. புது ஆசிரியருக்கும் அது நல்லது. இரண்டாவது நாவலை இன்னும் கவனமாக எழுதுவார்.

ஆனால் நாவல் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்பார்கள். நாற்பது பேர் எப்படிப் படிப்பது?

துண்டு வாங்கும் பணத்தில் இன்னும் நாலு பிரதி வாங்கலாம். ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார்!