உதைப்பவர் தொழிலும் உலகத்தார் தீர்ப்பும்

ஒருவன் செய்த வேலை முழுவதையும் நோக்காது, அவன் கடைசியாகச் செய்த ஒரு செயலை மாத்திரம் கொண்டு அவனை ஏற்றுவதும் தாழ்த்துவதும் உலகத்தார் வழக்கம். இவ்வழக்கம் எத்துணை அநீதியானது என்பதை விளக்குதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆடப்பெறும் கால்பந்தாட்டத்தைப் போலத் தக்க உதாரணம் வேறொன்றில்லை என்பது எமது துணிபு. அவ்வாட்டத்தில், பந்தை நிலத்தில் நிறுத்தி உதைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் ஒவ்வொரு கட்சியிலும் உளர். அவருடைய தொழிலைக் குறித்தும், அதனை உலகம் மதிக்கும் விதத்தைக் குறித்தும் எமது அபிப்பிராயத்தை மாணவ நண்பர் முன் வைக்க விரும்புகின்றோம்.

நமது கலாசாலை மைதானத்தில் ஆடப்பெறும் கால்பந்து வேறு, இவ்வமெரிக்க ஆட்டம் வேறு. இதன் பந்து இருபுறமும் கூர்மையானது. கட்சிக்குப் பதினொருவர் நின்று, 100 கெஜ நீளமுள்ள மைதானத்தில் பந்தைக் கையாற் பற்றி ஓடியும் எறிந்தும் முன்னேற முயல்வர். எதிரியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளி. அது கூடாதபோது, உதைப்பவரை அழைத்து, 18 அடி 6 அங்குல இடைவெளியுள்ள இரு கம்பங்களின் நடுவே, 10 அடி உயரத்திலுள்ள குறுக்குச் சட்டத்திற்கு மேலாகப் பந்தை உதைக்கச் செய்வர். அது செவ்வனே சென்றால் மூன்று புள்ளி. ஒருவர் பந்தைக் கால்களினூடே பின்னோக்கி எறிய, ஏழெட்டுக் கெஜம் பின்னால் முழந்தாளிட்டிருப்பவர் அதைப் பற்றி நிலத்தில் நிறுத்த, மூன்றாமவர் ஓடி வந்து உதைக்க வேண்டும். இம்மூன்றும் ஏறக்குறைய ஒன்றேகால் விநாடிக்குள் முடிதல் வேண்டும். சற்றுத் தாமதித்தால், பாய்ந்து வரும் எதிரிகள் பந்தைத் தடுத்துவிடுவர்.

ஒரு மணி நேர ஆட்டத்தில் உதைப்பவர் களத்தில் நிற்கும் காலம் மிகச் சொற்பம். மற்றையோர் மோதியும் விழுந்தும் மேனியெல்லாம் சேறும் காயமுமாய் நிற்க, இவர் மட்டும் மாசற்ற உடையோடு ஓரத்தில் காத்திருப்பார். ஆதலின் இவரை அரை ஆட்டக்காரர் என்று இகழ்வார் பலர். கேண்டன் நகரில் இவ்வாட்டத்தின் பெருமக்களுக்கென ஒரு கீர்த்தி மண்டபம் 1963-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. நிறுத்தி உதைப்பதொன்றையே தொழிலாகக் கொண்ட ஒருவர் அங்கே முதன்முதலாக இடம்பெற்றது 1991-இல்தான். அவர் நார்வே தேசத்தவரான யான் ஸ்டெனெருட் என்பவர். அடுத்தவராகிய டென்மார்க்கு தேசத்து மார்டன் ஆண்டர்சன் இடம்பெறுதற்கு 2017 வரை காத்திருக்க நேர்ந்தது. புள்ளிகளை மிகுதியாகத் தேடித் தருபவருக்கு உலகம் அளித்த மதிப்பு இவ்வளவே.

இத்தொழிலின் இயல்பை அறிய ஆடம் வினட்டியேரி என்பாருடைய வாழ்க்கை பெரிதும் உதவும். அவர் 1972 டிசம்பர் 28-ஆம் தேதி தெற்கு டகோடா மாகாணத்து யாங்க்டன் நகரிற் பிறந்தவர்; அம்மாகாணத்துச் சர்வகலாசாலையிற் பயின்றவர். படிப்பு முடிந்தபின், தொழின்முறைக் கட்சிகள் ஆண்டுதோறும் இளைஞரைத் தெரிந்தெடுக்கும்போது அவரை எவரும் தெரிந்தெடுத்திலர். அவர் மனந்தளராது வர்ஜீனியா மாகாணம் சென்று, டக் பிளெவின்ஸ் என்ற ஆசிரியரிடம் பயிற்சி பெற்றார். அவ்வாசிரியர் பிறவியிலேயே மூளைவாத நோயுற்றுச் சக்கர நாற்காலியில் வாழ்பவர். தம் காலால் ஒரு பந்தையும் உதைத்தறியாதவர். ஆயினும் உதைக்கும் கலையின் நுட்பமனைத்தையும் கண்ணாற் கண்டு ஆராய்ந்து கற்றவர். ஓடுகின்ற அடிகளின் அளவும், ஊன்றும் பாதத்தின் இடமும், உதைக்கும் காலின் வீச்சும் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல் அமைய வேண்டும் என்பதே இக்கலையின் சாரம். பின்னர் வினட்டியேரி ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் கட்சியில் ஆடி, 1996-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் கட்சியிற் சேர்ந்தார். அங்கே அவர் எய்தியது, அனுபவமிக்க மாட் பார் என்பவர் வகித்த இடம். அவ்வாண்டு டிசம்பரில், ஓட்டத்திற் பேர்பெற்ற ஹெர்ஷல் வாக்கர் பந்தோடு தப்பிச் செல்கையில், வினட்டியேரி பின்தொடர்ந்தோடி அவரைப் பிடித்து வீழ்த்தினார். அதுமுதல் சக ஆட்டக்காரர் அவரைத் தம்மில் ஒருவராகவே மதிக்கலாயினர்.

அவருடைய புகழுக்கு அடிகோலியது 2002 ஜனவரி 19-ஆம் தேதி இரவு. பாக்ஸ்பரோ மைதானத்தில் பனி இடையறாது பெய்துகொண்டிருந்தது. ஓக்லாந்து ரெய்டர்ஸ் கட்சி 13-க்கு 10 என முன்னின்றது. ஆட்டம் முடிய 27 விநாடியே எஞ்சியிருந்த சமயத்தில், கால் வழுக்கும் பனியின்மேல் நின்று 45 கெஜ தூரத்திலிருந்து வினட்டியேரி உதைத்தார். பந்து தாழ்ந்து பறந்து சட்டத்தைக் கடந்தது. பின்பு நீட்டித்த நேரத்தில் 23 கெஜத்திலிருந்து உதைத்து வெற்றியையும் ஈட்டினார். பிப்ரவரி 3-ஆம் தேதி, சூப்பர் பௌல் என்னும் இறுதிப் போட்டியில், காலம் முடிகின்ற தறுவாயில் 48 கெஜத்திலிருந்து உதைத்து, செயின்ட் லூயிஸ் ராம்ஸ் கட்சியை 20-க்கு 17 என வென்றார். 2004 பிப்ரவரி முதல் தேதி ஹூஸ்டன் நகரில், நான்கு விநாடி எஞ்சியிருக்கையில் 41 கெஜத்திலிருந்து உதைத்து, காரோலைனா பேந்தர்ஸ் கட்சிமீது 32-க்கு 29 என்ற வெற்றியை அளித்தார். அந்நாள் தொட்டு, நெருக்கடியில் நடுங்காத வீரர் என்று நாடே அவரைக் கொண்டாடிற்று.

இனி இதன் மறுபுறத்தைக் காண்போம். 1991 ஜனவரி 27-ஆம் தேதி, டாம்பா நகரில் நடந்த இறுதிப் போட்டியில் பஃபலோ பில்ஸ் கட்சியும் நியூ யார்க் ஜயண்ட்ஸ் கட்சியும் எதிர்ப்பட்டன. ஜயண்ட்ஸ் 20-க்கு 19 என முன்னிருந்தது. எட்டு விநாடி எஞ்சிய வேளையில் ஸ்காட் நார்வுட் என்பவர் 47 கெஜத்திலிருந்து உதைத்தார். பந்துக்குத் தூரமும் உயரமும் போதியனவாயிருந்தன. ஆயின் அது வலக்கம்பத்திற்கு வெளியே சென்றது. நார்வுட் 1988-இல் நாட்டிலேயே மிகுந்த புள்ளிகள் பெற்றவர் என்பதை அன்று நினைத்தார் எவருமிலர். ஜயண்ட்ஸுக்கு அந்த இருபதாம் புள்ளியைத் தந்த உதை யாருடையது என்று கேட்பீராயின், பின்னாளில் வினட்டியேரிக்கு இடம் விட்டகன்ற அதே மாட் பாருடையது. ஒருவரை ஏற்றி மற்றொருவரை இறக்கும் இவ்விராட்டினம் எவரையும் விட்டு வைப்பதில்லை.

இவ்விருவரையும் ஒப்பிட்டு நோக்குவார், முன்னவர் நெஞ்சுரம் மிக்கவர், பின்னவர் நெஞ்சுரம் இல்லாதவர் என்று எளிதிற் கூறிவிடுவர். இதனை யாம் ஒருபோதும் ஒப்போம். பனியிரவில் வினட்டியேரி உதைப்பதற்குச் சற்று முன்னர், அவருடைய கட்சியின் டாம் பிரேடி பந்தைக் கைநழுவ விட, எதிரிகள் அதைப் பற்றிக் கொண்டனர். ஆட்டம் முடிந்தது என்றே பலரும் கருதினர். அப்பொழுது நடுவர் விதியொன்றை எடுத்துக் காட்டித் தீர்ப்பை மாற்றினார். அவ்விதியோ பெரிதும் சர்ச்சைக்குள்ளாகி 2013-இல் நீக்கப்பட்டது. நடுவர் வேறுவிதமாகத் தீர்த்திருப்பின் அந்த 45 கெஜ உதையே நிகழ்ந்திராது. ஹூஸ்டன் போட்டியிலோ, இறுதி உதைக்கு முன் வினட்டியேரி ஒரு முறை குறி தவறினார். மற்றொரு முறை அவர் உதைத்த பந்தை எதிரிகள் தடுத்தனர். கடைசி உதையும் பிழைத்திருக்குமாயின், நார்வுட்டினும் மிகுந்த பழியை அவரன்றோ சுமந்திருப்பார்?

நார்வுட் மேல் ஏற்றிய பழியையும் சற்று ஆராய்வோம். அப்போட்டியில், 60 நிமிஷத்தில் 40 நிமிஷத்துக்கு மேலாகப் பந்து ஜயண்ட்ஸ் கட்சியிடமே இருந்தது. எதிரியிடமிருந்து பந்தை மீட்க இயலாதிருந்தவர் பலர். அவர் அனைவருடைய குறையும் சேர்ந்தே தங்கள் கட்சியை ஒரு புள்ளி பின்தங்க வைத்தது. ஆயினும் கண்ணுக்குத் தெரிந்தது கடைசி உதை ஒன்றே. பலர் சேர்ந்து பட்ட கடனை, கடைசியிற் கையெழுத்திட்டவனிடம் மட்டும் வசூலிப்பது எந்த ஊர் நியாயம்?

‘உதைப்பதற்கென்றே கூலி பெறுகிறவர் தவறினால் பழி ஏற்கத்தானே வேண்டும்?’ என்று சிலர் வினவுவர். இவ்வினாவில் உண்மையில்லாமலில்லை. புள்ளிப் பலகையை இரக்கத்தால் மாற்றுதல் இயலாது. குறி தவறியது தவறியதே. தொடர்ந்து தவறுபவரை மாற்றிக் கொள்ளவும் கட்சிக்கு முழு உரிமையுண்டு. ஆனால் ஒரு செயலின் பயனை மதிப்பிடுதல் வேறு. அச்செயலைச் செய்தவனை மதிப்பிடுதல் வேறு. முன்னதற்கு ஒரு விநாடி போதும். பின்னதற்கு அவன் உழைத்த ஆண்டுகள் அனைத்தும் வேண்டும்.

இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர் பஃபலோ நகர மக்கள் என்பதே எமக்குப் பேருவகை தருகின்றது. தோல்விக்கு மறுநாள் தம் ஆட்டக்காரரை வரவேற்க நகரச் சதுக்கத்தில் கூடிய பெருங்கூட்டம், நார்வுட்டின் பெயரையே உரத்த குரலில் சொல்லிச் சொல்லி அவரை முன்னே அழைத்தது. வசை கேட்கக் காத்திருந்தவர் அன்பைக் கேட்டார். கண்கலங்க நின்று நன்றி கூறினார். அடுத்த ஆண்டு, 1992 ஜனவரியில், டென்வர் கட்சியை 10-க்கு 7 என வென்று பில்ஸ் மீண்டும் இறுதிப் போட்டிக்குச் சென்றது. வெற்றியைத் தீர்மானித்த அந்த மூன்று புள்ளிகள் நார்வுட் 44 கெஜத்திலிருந்து உதைத்துப் பெற்றவை. இவ்வுதையை இன்று நினைவு கூர்வார் எத்தனை பேர்? தவறிய உதையை மறவாத உலகம் தவறாத உதையை மறந்துவிட்டது.

வினட்டியேரி 2006-இல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் கட்சிக்குச் சென்று மேலும் பல்லாண்டு ஆடினார். 2018 அக்டோபரில் ஆண்டர்சனைக் கடந்து, அவ்வாட்ட வரலாற்றில் அதுவரை எவரும் பெறாத அளவு புள்ளிகளை எய்தினார். ஆனால் 2019-இல், 46-ஆம் வயதில், முழங்கால் நோவோடு ஆடி, 25 முறை முயன்று எட்டு முறை தவறினார். அப்பொழுது, அவரைக் கொண்டாடிய அதே உலகம் அவரைப் போகச் சொல்லத் தயங்கவில்லை. 24 ஆண்டு ஆடியபின், 2021-இல் ஓய்வை அறிவித்தார். அவருடைய கணக்கு இது: போட்டிப் பருவங்களில் 715 முறை உதைத்து 599 முறை வென்றார், மொத்தம் 2,673 புள்ளிகள் பெற்றார். எனவே நெருக்கடியில் நடுங்காத இவ்வீரர் குறி தவறியது 116 முறை! ஒவ்வொரு தவற்றுக்குப் பின்னும் மறுநாட் காலை மைதானத்திற்குச் சென்று, அதே அடிகளை அளந்து, மீண்டும் உதைத்தாரே, அதுவே அவருடைய மெய்யான பெருமை என்போம். பனியிரவின் உதை அப்பெருமையின் பூவேயன்றி வேரன்று.

மாணவர்காள்! பரீட்சையிலும் பந்தயத்திலும் உத்தியோகத்திலும் இறுதி விநாடியின் தீர்ப்புக்கு நீங்களும் உட்படுவீர்கள். பிறரைத் தீர்க்கும் இடத்திலும் அமர்வீர்கள். முன்னதற்கு வினட்டியேரியின் காலைப் பயிற்சி உங்களுக்குத் துணையாகுக. பின்னதற்குப் பஃபலோ மக்களின் நெஞ்சம் உங்களுக்கு வாய்ப்பதாக. இவ்விரண்டனுள் கிடைத்தற்கு அரியது இரண்டாவதே என்பது எமது கருத்து.